உப்பு விளையாத மாதங்களில் பொதுக்குழு

சுலோசனா அக்கா என்னைத் தேடி வந்தபோது நான் ஊருக்குத் திரும்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஆறு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தவளைப் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாக இரண்டு கேள்வி கேட்பார்கள். எவ்வளவு சேர்த்தாய், எப்போது கல்யாணம். அக்கா இரண்டையும் கேட்கவில்லை. வாசலிலேயே நின்றபடி கையிலிருந்த நீளமான பதிவேட்டைப் பிரித்து ஒரு பெயரின் மேல் விரலை வைத்தார்.

"நீ இன்னும் மெம்பர்தான் இலக்கியா. நாப்பத்தி மூணாவது பேரு. டிசம்பர் இருபத்தெட்டு ஊர்ல இருப்பியா?"

"இருப்பேன்னு நினைக்கிறேன்க்கா."

"நினைக்கிறதெல்லாம் வேணாம். இருப்பியா, மாட்டியா?"

இருப்பேன் என்றேன். அவருக்கு முப்பத்திரண்டு பேர் தேவைப்பட்டது. என்னோடு பதினேழு பேர் ஆகியிருந்தது.

சுலோசனா அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. மரக்காணத்தில் ஒரு உப்பு வியாபாரியின் குடோனில் இருபத்துநான்கு வருடமாக லாரி லோடு எழுதுகிறார். எத்தனை மூட்டை ஏறியது, எந்த வண்டி, எந்த ஊர். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் ஆறேழு நாள் வீட்டில் இருப்பார். அக்கா எந்த விளையாட்டும் ஆடியவர் இல்லை. ஆனால் பதினோரு வருடமாக வளர்பிறை கைப்பந்துக் கழகத்தின் பொருளாளர் அவர்தான்.

அந்தப் பொறுப்பு அவருக்கு வந்த விதம் சாதாரணமானது. அவர் மகள் ஆறாவது படிக்கும்போது கழகத்தில் சேர்ந்தாள். அந்தச் சமயம் பொருளாளராக இருந்தவர் ஷார்ஜாவுக்குப் போனார். யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது யாரோ, "அக்கா கணக்கு எழுதுறவங்கதானே" என்றார்கள். மகள் இரண்டே மாதத்தில் விரல் வலிக்கிறது என்று நின்றுவிட்டாள். இப்போது அவளுக்குக் கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். அக்கா இன்னும் பொருளாளர்.

கழகத்தில் நாற்பதுக்கும் மேலான பிள்ளைகள் ஆடுகிறார்கள். பெண்களும் பையன்களும். நானும் ஒரு காலத்தில் அங்கே ஆடியவள்தான், பதினெட்டு வயதானதும் ஐம்பது ரூபாய் கட்டி உறுப்பினர் ஆனேன். மைதானம் உப்பளக் கரையை ஒட்டியது. மழைக்காலத்தில் அங்கே ஒரு சாண் தண்ணீர் நிற்கும். மாதச் சந்தா நூறு ரூபாய், வளைகுடாவில் இருக்கும் பழைய ஆட்டக்காரர்கள் அனுப்புவது, ஊர்க் கடைக்காரர்கள் தருவது எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. இதற்குச் செக் புத்தகம், ரசீதுப் புத்தகம், வவுச்சர் கோப்பு, ஆடிட்டர், ஒவ்வொரு வருடமும் பதிவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய படிவங்கள். பந்து வாங்க நாலாயிரம் ரூபாய் எடுப்பதென்றால் அக்கா ஒரு கையெழுத்துப் போட்டு, தலைவர் பஷீர் அஹமது பாயின் ஹார்டுவேர் கடைக்கு நடந்துபோய் இன்னொரு கையெழுத்து வாங்கி, பிறகு பேங்குக்குப் போக வேண்டும். பேங்கில் அன்றைக்கு ஏதாவது ஒன்று அப்டேட் ஆகாமல் இருக்கும்.

"போதும்டி. எனக்கு அந்தப் பந்தை எப்படிப் போடுவாங்கன்னு கூடத் தெரியாது" என்றார் என்னிடம். "நான் போயிடணும். ஆனா சும்மா போவ முடியாது."

சும்மா போக முடியாததற்குக் காரணம் கழகத்தின் விதிகள்.

பதின்மூன்று வருடத்துக்கு முன் கழகத்தைப் பதிவு செய்யப் போன பையன்களுக்கு விதிகள் என்று ஒன்று எழுத வேண்டும் என்பதே தெரியாது. அதில் ஒருவனின் அப்பா உப்பளக் குத்தகைதாரர் சங்கத்தில் இருந்தார். அந்தச் சங்கத்தின் விதிப் புத்தகத்தைத் திண்டிவனத்தில் ஒரு டைப்பிங் கடையில் கொடுத்து, சங்கத்தின் பெயர் வரும் இடத்திலெல்லாம் கழகத்தின் பெயரைப் போடச் சொன்னார்கள். டைப் அடித்தவர் சொன்னதை மட்டும் செய்தார். இருபத்திரண்டு விதிகள், பக்க எண்கள், கையெழுத்துகள் எல்லாம் சரியாக இருந்தன. பதிவாகிவிட்டது. எட்டாவது விதி, உறுப்பினர் எவரும் தம் பாத்தியின் வடிகாலை அடைக்கலாகாது என்கிறது. பையன்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சர்வீஸ் தப்பினால், "டேய், வடிகாலை அடைக்காதடா" என்பார்கள்.

பதினான்காவது விதியில் சிரிக்க ஒன்றும் இல்லை. உப்பு விளையும் காலத்தில் பொதுக்குழு கூட்டப்படலாகாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களில் மட்டுமே கூட்டலாம். இருபத்தோரு நாள் முன்பு ஒவ்வொரு உறுப்பினரின் கையிலும் நோட்டீஸ் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் நேரில் இருக்க வேண்டும். பதினைந்தாவது விதி: பொறுப்பில் இருப்பவர் விலகுவதானால், அவர் காலத்துக் கடைசிக் கணக்கைப் பொதுக்குழு ஏற்ற பிறகே விலகலாம்.

உப்பளக்காரர்களுக்கு அது பொருத்தமான விதிதான். மழை மாதங்களில் அவர்களுக்கு வேலை இல்லை, கூடுவார்கள். ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கம்பெனி வேலையில் இருக்கிறார்கள். பதிவேட்டில் அறுபத்து மூன்று பேர். அதில் பதினொருவர் வளைகுடாவில். ஒருவர் இறந்தே நான்கு வருடம் ஆகிறது. அவர் பெயரை நீக்கவும் பொதுக்குழு கூட வேண்டும். விதியைத் திருத்தலாம், ஆனால் அதற்கு நான்கில் மூன்று பங்கு பேர் வர வேண்டும். பாதியே வராத இடத்தில் முக்கால் எங்கிருந்து வரும்?

அதனால் கழகத்தில் ஒரு வழக்கம் உருவாகியிருந்தது. ஐப்பசி பிறந்ததும் மினிட்ஸ் நோட்டு டீக்கடைக்குப் போகும். வருகிறவர்கள் காலிப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடுவார்கள். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறவர்களிடம் பஸ் நிறுத்தத்திலேயே வாங்கிவிடுவார்கள். முப்பத்திரண்டு சேர்ந்ததும் செயலாளர் ஜெயசீலன், இ-சேவை மையம் வைத்திருப்பவர், மேலே தீர்மானங்களை எழுதிவிடுவார். எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கமிட்டிக் கூட்டத்தில் அக்கா, விலகிக்கொள்கிறேன் என்று சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஜெயசீலன் போன வருடத்து வாசகத்தைப் பார்த்து அப்படியே எழுதினார். பதிவு அலுவலகத்துக்கு நகல் எடுக்கும்போதுதான் அக்கா படித்தார். 'பொருளாளராகத் திருமதி சுலோசனா அவர்கள் ஏகமனதாக மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.'

"ஏன்டா ஜெயசீலா, நான் போறேன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்கக்கா. கையெழுத்து முன்னாடியே ஆயிடுச்சே. முப்பத்திரண்டு பேர் போட்டதை எப்படி மாத்துறது?"

இந்த வருடம் அக்கா மினிட்ஸ் நோட்டை ஜெயசீலனிடமிருந்து வாங்கித் தன் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார். அவருக்கு வேண்டியது உண்மையான கூட்டம், உண்மையான ஆட்கள், கணக்கை முழுக்கப் படிப்பது, ஏற்றுக்கொண்டோம் என்று அவர்கள் வாயால் சொல்வது. அதற்குப் பிறகு போய்விடுவது. ஷஃபி, மொபைல் கடை வைத்திருக்கும் பையன், அடுத்து ஒரு வருடம் மட்டும் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தான். நவம்பரில் கூட்டியபோது பத்தொன்பது பேர் வந்தார்கள். போண்டா சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். டிசம்பர் இருபத்தெட்டு இரண்டாவது முயற்சி. பொங்கலுக்கு முன் இனி ஒரு நோட்டீஸுக்கு நாள் கிடையாது.

என் வண்டியில் நோட்டீஸ் கொடுக்கப் போனோம். கீழ்புத்துப்பட்டில் ஒருத்தி, இரும்பையில் இரண்டு பேர், வானூரில் தாலுகா ஆபீஸ் பக்கம் பைக் மெக்கானிக் ஒருவன். வானூர்க்காரன் நோட்டீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மினிட்ஸ்லயும் இப்பவே போட்டுடறேன்க்கா. ஞாயித்துக்கிழமை வண்டி நிறைய வரும்" என்றான்.

"வேணாம். வந்து ஒரு மணி நேரம் உக்காரு. கணக்கைக் கேளு."

"உங்க கணக்கை நான் கேக்கறதா? உங்க மேல நம்பிக்கை இருக்குதுக்கா."

"எல்லாரும் இதையே சொல்லுங்கடா" என்று அக்கா வண்டியில் ஏறிக்கொண்டார்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஈசிஆரில் ஒரு மூடிய கடையின் கீழ் ஒதுங்கினோம். அங்கேதான் டைல்ஸ் விஷயத்தைச் சொன்னார். போன சித்திரையில் கணவர் சீட்டு எடுத்து வீட்டுக்கு டைல்ஸ் போட்டார். அதற்கு அடுத்த வாரம் மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது பின்னால் யாரோ, பந்துக் காசு பளபளன்னு இருக்குது என்று சொன்னது காதில் விழுந்தது.

"யாருக்கா அது?"

"திரும்பிப் பாக்கலை. பாத்தா அப்புறம் அந்த மூஞ்சியை தினம் பாக்கணும்." முந்தானையால் பதிவேட்டைத் துடைத்தார். "நேர்ல கேட்டா நம்பிக்கைன்றாங்க. பின்னால பளபளன்றாங்க. ரெண்டு பேரும் கணக்கை ஒரு தடவை கூடப் பாத்ததில்ல."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அக்கா வேலை செய்யும் குடோனில் நடந்தது. அந்தச் சமயத்தில் அங்கே சரக்கு அதிகம் இருக்காது. சுவரெல்லாம் ஈரம் வேர்த்திருந்தது, தரை காலில் ஒட்டியது. வாடகை நாற்காலி ஐம்பது. பத்தரைக்குப் பன்னிரண்டு பேர். பதினொன்றரைக்கு இருபத்தாறு. வானூர்க்காரன் கிரீஸ் கையோடு வந்தான். மதியம் பன்னிரண்டுக்கு முப்பத்து மூன்று ஆனது. பஷீர் பாய் நாற்காலிகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், ஆரம்பிம்மா சுலோசனா. யாரும் பாத்ரூம் கூடப் போகாதீங்கப்பா" என்றார்.

அக்கா மினிட்ஸ் நோட்டை ஜெயசீலனிடம் கொடுத்துவிட்டு, எழுந்து படிக்கத் தொடங்கினார். போன மார்ச்சோடு முடிந்த கணக்கு வருடத்தின் வரவு முழுக்க. பிறகு செலவு, தேதி வாரியாக, ஒவ்வொரு வவுச்சராக. வலை ஒன்று, இரண்டாயிரத்து நூறு. சுண்ணாம்பு, இருநூற்று நாற்பது. நடுவர் படி, ஆயிரத்து இருநூறு. பத்து நிமிடத்தில் பாதிப்பேர் போனை எடுத்துவிட்டார்கள். பின்வரிசையில் ஒருவன் தூங்கினான். ஜெயசீலன் தன் கடிகாரத்தை அக்காவுக்குத் தெரியும்படி பார்த்தார்.

"அக்கா, மொத்தத்தை மட்டும் சொல்லிடுங்க. நாங்க ஏத்துக்கிட்டோம்."

"உக்காரு ஜெயசீலா. இன்னும் ஜூலைதான் வந்திருக்குது." தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "விழுப்புரம் போட்டி, வேன் வாடகை, ஆறாயிரத்து ஐந்நூறு."

"எம்மா, ஒரு நிமிஷம்."

முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்த கொளஞ்சியம்மாள்தான் பேசினார். உப்பளத்தில் உப்பை வாரி ஒதுக்கும் வாருபலகை இழுக்கிறவர், எங்கள் கழகத்தில் ஆடும் சத்யப்ரியாவின் அம்மா. பெற்றோரும் உறுப்பினராகலாம் என்றதும் சேர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலோ என்னவோ, ஆரம்பத்திலிருந்து அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விழுப்புரத்துக்கு வேனு எங்க போச்சு? அன்னிக்குக் காலையில வேனு ரிப்பேர்னு சொன்னாங்க. புள்ளைங்க பஸ்ஸுலதானே போச்சுங்க. நான்தான் சத்யாவுக்கு நூறு ரூவா பஸ்ஸுக்குக் குடுத்தேன்."

குடோனில் போன்கள் கீழே இறங்கின.

அக்கா வவுச்சர் கோப்பைப் புரட்டினார். பில் இருந்தது. முன்தினமே எழுதிக் கொடுத்த பில், முன்தினமே அனுப்பிய பணம். வேன் வைத்திருக்கும் தமிழ்வேந்தனும் உறுப்பினர்தான், மூன்றாவது வரிசையில் இருந்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் எழுந்தான்.

"அக்கா, அது... அடுத்த டிரிப்புல கழிச்சிக்கலாம்னு அன்னிக்கே சொன்னேன்ல. அப்புறம் கடலூர் டிரிப்புக்கு நீங்க முழு அமௌண்ட் போட்டு விட்டீங்க. சரி, அக்கா எதையோ நேர் பண்ணிதான் போட்டிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"எதைடா நேர் பண்ணேன்?"

"உங்க கணக்கு, எனக்கு இன்னாக்கா தெரியும்? நம்பிக்கைதான்."

யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில், "பாத்தியா" என்று ஒரு குரல் மெல்லக் கேட்டது. அக்கா கோப்பை மூடாமல் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். திருட்டு இல்லை. ஒரே ஆளுக்கு ஒரே பணத்தை இரண்டு தடவை கொடுத்திருக்கிறார், அதை ஒன்றரை வருடம் கவனிக்கவில்லை. ஆடிட்டரும் கவனிக்கவில்லை, பில் சரியாக இருந்தது.

தமிழ்வேந்தன் போனை எடுத்தான். "இப்பவே அனுப்பிடறேன்க்கா. ஆறாயிரத்து ஐந்நூறு. முடிஞ்சது."

"ஆமாம்மா, அனுப்பிட்டான்னா சரியாப் போச்சு" என்றார் பஷீர் பாய். "மனுஷங்கதானே. மறதி இருக்காதா? ஜெயசீலன், ஏகமனதா ஏத்துக்கிட்டதா எழுதுப்பா. ஷஃபி, நீ முன்னாடி வா."

ஷஃபி அரை மனதாக எழுந்து நின்றான்.

அந்த நிமிடத்தில் அக்கா பேசாமல் இருந்தால் போதும். பணம் வந்துவிட்டது, முப்பத்து மூன்று பேரும் கை தூக்கத் தயார், அடுத்த ஆள் எழுந்து நிற்கிறான். அடுத்த வாரம் பொறுப்பு எதுவும் இல்லாமல் மகளைப் பார்க்கத் திருப்பூருக்குப் பஸ் ஏறலாம். பதினோரு வருடத்தில் அவர் கேட்டது அது ஒன்றுதான், அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அவரைப் பார்த்தபடி, பேசாதீங்கக்கா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஜெயசீலா, நோட்டை இப்படிக் கொடு" என்றார் அக்கா.

"எதுக்குக்கா?"

"தப்பான கணக்கை ஏத்துக்கிட்டாங்கன்னு எப்படி எழுதுறது? நானே சொல்றேன் தப்புன்னு. பணம் இன்னிக்கு வருது. அது இந்த வருஷத்து வரவு. அந்த வருஷத்துக் கணக்கைத் திருத்தி, ஆடிட்டர்கிட்ட மறுபடி கையெழுத்து வாங்கி, மறுபடி இங்க படிக்கணும்."

"மறுபடின்னா? பொங்கல் வந்துடும்க்கா. இருபத்தோரு நாள் கிடையாது. அடுத்த ஐப்பசிதான்."

"தெரியும்."

"அது வரைக்கும் நீங்க..."

"தெரியும்டா. பதினஞ்சாவது விதி. எனக்கே வாசிச்சுக் காட்டாத."

பஷீர் பாய் கொஞ்ச நேரம் சமாதானம் சொல்லிப் பார்த்தார். விதியே உப்பளக்காரர்களுடையது, அதை இவ்வளவு பார்க்க வேண்டுமா என்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டினார், எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை. நோட்டில் தன் கையால் எழுதினார். 'விழுப்புரம் வேன் வாடகை இரட்டைப் பட்டுவாடா செய்யப்பட்டது உறுப்பினர் கொளஞ்சியம்மாள் அவர்களால் சுட்டிக்காட்டப்பட்டது. கணக்கு ஏற்கப்படவில்லை.' எழுதியதை உரக்கப் படித்தார். பிறகு ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள், எழுதிய பிறகு, எழுத்துக்குக் கீழே.

"அப்ப நான் கிளம்பலாமாக்கா?" என்று ஷஃபி கேட்டான். அவன் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டு அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அக்காவும் லேசாகச் சிரித்தார்.

கொளஞ்சியம்மாள் கடைசியாக வந்தார். கட்டைவிரலை மைப்பெட்டியில் வைக்காமல் நின்றார்.

"நான் வாயை மூடிக்கினு இருந்திருக்கணும். உன்னைப் போவ விடாமப் பண்ணிட்டேனே."

"போன வருஷம் நாங்க கையெழுத்துக்கு வந்தப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"போன வருஷம் நீ படிக்கவே இல்லியேம்மா."

அக்கா அவர் கையைப் பிடித்து மைப்பெட்டியில் வைத்து, பெயருக்கு நேராக அழுத்தினார். நன்றாக விழவில்லை, இன்னொரு தடவை அழுத்தினார்.

எல்லோரும் போன பிறகு நானும் ஜெயசீலனும் நாற்காலிகளை அடுக்கினோம். வாடகைக்காரரின் வண்டி வந்தது. எடுத்துப் போனார்கள். மிச்சம் இருந்தது அக்கா உட்கார்ந்திருந்த குடோன் ஸ்டூல் மட்டும். அவர் கிளம்பவில்லை. எடை மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பு அலமாரியைத் திறந்து பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டிருந்தார். பத்துக் கோப்புகள். ஓரங்கள் உப்புக் காற்றில் ஊறித் தடித்திருந்தன.

"இன்னாக்கா பண்றீங்க?" என்றேன்.

"இந்த ஒரு வருஷத்தை ஒரு அம்மா கேட்டுச்சு, ஒண்ணு மாட்டுச்சு. மீதி பத்து வருஷத்தை யாரும் கேக்கலையே."

"அதெல்லாம் ஏத்துக்கிட்டாங்களேக்கா. ஏகமனதா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, சோர்வுதான். அப்புறம் முதல் கோப்பின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் இழுத்து அவிழ்த்து, முதல் வவுச்சரை எடுத்து வெளிச்சம் விழும் பக்கமாகத் திருப்பினார்.

"நீ போ இலக்கியா. சாப்பிடாம இருப்ப. போகும்போது அந்தக் கதவை முழுசாத் திறந்து வச்சிட்டுப் போ, எழுத்து தெரியல."